அன்னத்தின் அலகு, நான்கு சென்டிமீட்டர்

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பெருங்களத்தூரில் என் அம்மா குடியிருக்கும் தெருவில் இதற்கு நேர்மாறான செய்தி பரவியிருக்கிறது. பரப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை. பொங்கலுக்குப் போனால் நாலு பேர் எக்ஸ்ரேயோடு வாசலில் நிற்கிறார்கள். நான் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். இதுவரை யாரும் சாகவில்லை.

நான் மெடிக்கல் கோடர். டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, அந்தக் காயத்துக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டைப் போடுவது என் வேலை. பதினோரு வருடமாக நெஞ்சைத் துளைத்த காயங்கள் மட்டும் பார்க்கிறேன். கத்தி, கம்பி, கண்ணாடி, ஒருமுறை ஒரு தோட்டத்துப் பொம்மையின் கூரான தொப்பி. நெஞ்சு ஒன்றையும் நேரில் பார்த்தது கிடையாது. கண்ணாடியில் தெரிவது ஒன்று உண்டு, ஆனால் அதைப் பற்றி எழுதும்படி ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் எங்கள் குறியீட்டை நம்பி இன்சூரன்ஸ் கம்பெனிகள் மட்டும்தான் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் டெய்லர்கள் வந்தன. அவற்றுக்கு அதிகாரபூர்வமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் காயம் தானாகவே ஆறிவிடும் என்பதால் எல்லோரும் டெய்லர் என்றே சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஒரு ஊசியில் இருபது லட்சம். காயத்துக்குள் ஏற்றிவிட்டால் உள்ளிருந்தே தைத்துக்கொண்டு வெளியே வரும். அன்றிலிருந்து என் வாழ்க்கையில் நிம்மதி போய்விட்டது. ஏன் என்பதை ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நான் விளக்கிச் சொன்னபடியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை மாதம், முகூர்த்த நாள், பகல் பன்னிரண்டு மணி. மதுரையில் ஒரு மருத்துவமனையிலிருந்து என் திரைக்கு ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் டாக்டர் தேவசகாயம். அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது.

"ஆண், 62. பெயர் அருணகிரி. இடது முன்பக்க மார்புச் சுவரில் துளைத்த காயம், மார்புக்கூட்டுக்குள் சென்றுள்ளது. உள்ளே முறிந்து தங்கிய அந்நியப் பொருள்: பனிக்கட்டியாலான அன்னத்தின் அலகு, நான்கு சென்டிமீட்டர். ஸ்கேனில் உறுதி செய்யப்பட்டது. சூழல்: மகளின் திருமண வரவேற்பு. நின்றுகொண்டிருந்தபோது வழுக்கி அலங்காரச் சிற்பத்தின் மேல் விழுந்தார்."

உங்களுக்கு இதன் அழகு புரியாது. டாக்டர்கள் பொதுவாக "நெஞ்சில் காயம், பார்த்தேன்" என்று எழுதுவார்கள். இடமா வலமா, முன்னா பின்னா, ஆழம் எவ்வளவு, உள்ளே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று நாங்கள் கேள்வி மேல் கேள்வி அனுப்ப வேண்டும். தேவசகாயத்துக்கு மட்டும் போன வருடம் நாற்பது கேள்வி அனுப்பியிருக்கிறேன். மனிதர் திருந்திவிட்டார். ஒரு சொல் குறையாத குறிப்பு. எங்கள் டீம் லீடர் பர்வீன் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்றார். நான் "அந்நியப் பொருளுடன்" என்று முடியும் குறியீட்டைப் போட்டு, பூரிப்போடு அனுப்பிவைத்தேன். மதுரையில் டெய்லர்கள் உள்ளே இறங்கின.

கால் மணி நேரத்தில் ஒரு அழைப்பு. பேசியவர் அருணகிரியின் மகள், அன்று காலை ஏழரைக்குத் தாலி கட்டிக்கொண்ட இசைவாணி. மருத்துவமனையில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், எங்கப்பா நெஞ்சுக்குள்ள இருக்கிற டெய்லர்களை ஓட்டுறவரு நீங்கதானா?"

"ஓட்டுறதுன்னு இல்லைங்க. டாக்டர் எழுதினதுக்கு நான் கோட் போடுவேன். அதுங்க அந்தக் கோடைப் படிச்சு வேலை செய்யும்."

"டாக்டர் சொல்றதை நேராக் கேக்காதா?"

"டாக்டர் கையெழுத்து யாருக்குங்க புரியும்? கோட்ல எல்லாம் சுத்தமா இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், உள்ள ஏதாவது இருக்கா. அதான் கம்பெனிக்காரங்க புதுசா ஒரு பாஷை கண்டுபிடிக்காம, நாங்க போடுற கோடையே அதுங்களுக்குப் பாஷையாக் குடுத்துட்டாங்க."

"அப்ப நீங்க தப்பாப் போட்டா?"

"தப்பாத் தைக்கும்" என்றேன். பிறகு, நான் தப்பாகப் போடுவதில்லை என்றும் சொன்னேன். மனிதன் வாயை எப்போது மூட வேண்டும் என்பதற்கு ஒரு குறியீடு இருந்தால் நன்றாக இருக்கும்.

அந்தப் பெண் பயத்தில் இருந்தாள். பயத்தில் இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவளும் அந்த அன்னத்தைத் திட்டிக்கொண்டே போனாள். மாப்பிள்ளை வீட்டாரின் ஏற்பாடாம். காலையில் வைக்கும்போது அன்னமாகத்தான் இருந்ததாம். பத்து மணிக்கு வாத்தாகிவிட்டதாம். பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் கரைந்து, கழுத்தும் மூக்கும் மட்டும் ஊசியாக நீட்டிக்கொண்டு நின்றதாம்.

"இப்ப மண்டபத்துலேர்ந்து போன் பண்றாங்க, தாம்பாளத்துல வெறும் தண்ணிதான் சார் கெடக்காம். கொலை பண்ணிட்டு ஓடிட்ட மாதிரி."

எனக்குக் காதில் ரயில் ஓடியது. வெறும் தண்ணி. மண்டபத்தில் தண்ணீர் என்றால், முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் அவர் நெஞ்சுக்குள் இருப்பது என்ன? பதினோரு வருட அனுபவமுள்ள நான், உலகத்திலேயே மிகச் சரியாக எழுதப்பட்ட குறிப்பை, உலகத்திலேயே மிகச் சரியான குறியீடாக மாற்றி, இல்லாத ஒரு பொருளைத் தேட இருபது லட்சம் பேரை அனுப்பியிருக்கிறேன். ஐஸ் கரையும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் குறிப்பில் எழுதியிருக்கவில்லை. எழுதாததை நினைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அதில் தங்கப் பதக்கம் வாங்கியவன்.

திரையைப் பார்த்தேன். "அந்நியப் பொருள்: தேடல் தொடர்கிறது" என்று ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. "ஒன்று கண்டறியப்பட்டது. உலோகம். அகற்றத் தேவைப்படும் நேரம்: 34 நிமிடம்."

உலோகமா? பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அருணகிரிக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். டெய்லர்கள் பழைய பக்கங்களைப் படிப்பதில்லை. எடுப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். தசை அல்லாத ஒன்று கிடைத்துவிட்டது. எடுத்துவிட்டுத்தான் தைக்கும்.

பர்வீன் மேடம் ஓடிவந்தார். நானே குறியீட்டை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். பயனில்லை என்றார். டாக்டரின் குறிப்போடு பொருந்தாத குறியீட்டை டெய்லர்கள் ஏற்காது. பாதியில் நிறுத்தினால் ஓட்டையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்துவிடும். டாக்டர் தன் வாயால், தானாகவே, "உள்ளே பொருள் இல்லை" என்று திருத்தியாக வேண்டும்.

இதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். சட்டம்தான் சிரமம். கோடர் டாக்டரிடம் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் விடையை வைக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஒருமுறை ஒரு கோடர் "ரெண்டு பக்கமும்தானே டாக்டர்?" என்று கேட்க, இரண்டு நாள் தூங்காத டாக்டர் "ம்" என்று சொல்ல, டெய்லர்கள் காயமே படாத நுரையீரலைச் சுருக்குப் பை போலத் தைத்துவிட்டன. அதற்குப் பிறகு எங்கள் எல்லா அழைப்புகளையும் ஒரு மென்பொருள் ஒட்டுக் கேட்கிறது. பெயர் நடுவர். அதைத் தாண்டி மருத்துவமனைக்குள் ஒரு சொல் போகாது.

டாக்டர் தேவசகாயத்தைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், கோடிங்லேர்ந்து வரதராஜன். அருணகிரி கேஸ்ல அந்த அந்நியப் பொருள் பத்தி ஒரு தெளிவு வேணும்."

"எழுதியிருக்கேனேப்பா. என்ன பொருள், எவ்வளவு, எங்க. கொக்குன்னுகூடப் பொத்தாம் பொதுவா எழுதலை, அன்னம்னு எழுதியிருக்கேன். இன்னும் என்ன, அது பேரு வேணுமா?"

"அருமையா எழுதியிருக்கீங்க டாக்டர். ஆனா அது ஐஸ் ஆச்சே, இந்நேரம் உள்ள..."

இனிமையான பெண் குரல் குறுக்கிட்டது. கேள்வியில் விடை இருக்கிறது, தொடர்பு துண்டிக்கப்படுகிறது, எட்டு நிமிடம் கழித்து முயலவும் என்றது. திரையில் 29 நிமிடம்.

எட்டு நிமிடமும் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பர்வீன் மேடத்தின் தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டேன். பிறகு சட்டப்படி நாலு விடை கொண்ட படிவத்தை அனுப்பினேன். பொருள் உள்ளே இருக்கிறது, இல்லை, தீர்மானிக்க இயலவில்லை, வேறு. இரண்டே நொடியில் "இருக்கிறது" என்று டிக் வந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "ஸ்கேனில் நானே பார்த்தேன். சாப்பிட விடுங்கள்." பதினொன்றரை மணி ஸ்கேன். மனிதர் பொய் சொல்லவில்லை. அன்று யாருமே பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே.

18 நிமிடம் இருந்தபோது இசைவாணி மறுபடி அழைத்தாள். அப்பாவின் நாடித்துடிப்பு தடுமாறுகிறது என்று நர்ஸ் சொன்னாளாம். நடுவர் கேட்டுக்கொண்டிருந்தது. இவளிடம் சொன்னாலும் அது டாக்டருக்கு விடையைக் கடத்திய கணக்கில்தான் சேரும். டாக்டர் எங்கே என்று மட்டும் கேட்டேன். எதிரேதான், கேண்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிடுகிறார், அங்கே ஃபேன் ஓடவில்லை, வியர்த்து வழிந்துகொண்டு சாப்பிடுகிறார் என்றாள்.

அந்த ஃபேன் ஓடவில்லை என்ற செய்தி எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

"அம்மா, ஒரு உதவி. அந்தக் கேண்டீன்ல ஒரு ரோஸ்மில்க் வாங்கி, நிறைய ஐஸ் போடச் சொல்லி, டாக்டர் கையில குடுங்க."



"எங்கப்பா உள்ள சாகக் கெடக்காரு" என்றாள், மெதுவாக.

"தெரியும்மா. ஏன்னு சொல்ல முடியாது, சொன்னா லைன் கட்டாயிடும். சின்ன கிளாஸ்ல வாங்குங்க. அவர் கையில குடுத்துட்டு, நான் போன்ல பேசி முடிக்கிற வரைக்கும் குடிக்க விடாதீங்க."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொண்டே ஓடினாள். அதற்காக அவளை நான் ஆயுள் முழுக்க மறக்க மாட்டேன். பிற்பாடு அந்த நர்ஸ் சொல்லித் தெரிந்தது: முழு அலங்காரத்தில், முழங்கை வரை மருதாணியும் தலையில் ஒன்றரை முழம் பூவுமாகக் கல்யாணப் பெண் கேண்டீனுக்குள் பாய்ந்து, வரிசையில் நின்ற எட்டு பேரைத் தள்ளிவிட்டு ரோஸ்மில்க் கேட்டிருக்கிறாள்.

நான் மூன்றாம் முறை டாக்டரைக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை கேட்டால் கேள்விக்கு முன்னால் நாலு பக்க முகவுரையை வாசித்தாக வேண்டும் என்பது விதி. இதுவரை யாரும் வாசித்ததில்லை. நான் வாசித்தேன். ரயில்வே அறிவிப்பு செய்பவரின் நிதானத்தில், காற்புள்ளிகளுக்கு உரிய மரியாதை கொடுத்து வாசித்தேன். டாக்டர் இரண்டு தடவை பெருமூச்சு விட்டார். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனபோதெல்லாம் "போன் பேசிட்டுக் குடிங்க சார், பொறை ஏறிடும்" என்று ஒரு பெண் குரல் கேட்டது. மேடம் என் திரையைப் பார்த்தபடி விரல்களைக் காட்டிக்கொண்டு நின்றார். பத்து. எட்டு. மதுரை வெயில் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

முகவுரை முடிந்தது.

"டாக்டர், உங்க கையில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

நடுவர் ஒரு கணம் யோசித்தது. நோயாளிக்குத் தொடர்பற்ற கேள்வி, முதல் எச்சரிக்கை என்று சொல்லிவிட்டு வழிவிட்டது.

"இதைக் கேக்கவா கூப்பிட்டீங்க? ரோஸ்மில்க். நல்லா ஐஸ் போட்டதுன்னு சொல்லி இந்தப் பொண்ணு குடுத்துச்சு. நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாம் கரைஞ்சு..."

நிறுத்திவிட்டார். கேண்டீனில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"வரதராஜன்."

"சொல்லுங்க டாக்டர்."

"நீங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கலை."

"ஒண்ணும் கேக்கலை டாக்டர்."

நாற்காலி விழுந்தது. செருப்புச் சத்தம் தூரத்தில் போனது. போனை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். இசைவாணிதான் எடுத்து, "சார், அவர் ரோஸ்மில்க்கைக் குடிக்காமலே ஓடறாரு" என்றாள். பரவாயில்லை, நீங்க குடிங்க என்றேன்.

இரண்டு நிமிடம் இருந்தபோது திருத்தம் வந்தது. "அந்நியப் பொருள் இல்லை. கரைந்தது." நான் குறியீட்டை மாற்றினேன். அவசரத்தில் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டி, அழித்துத் தட்டினேன். டெய்லர்கள் வால்வைச் சுற்றிப் பிரித்திருந்த இரண்டு தையலை, ஒன்றுமே நடக்காதது போல் திரும்பப் போட்டுவிட்டு, காயத்தை மூட வந்தன. பர்வீன் மேடம் தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, காலி பாட்டிலை வாயில் கவிழ்த்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு வீரனாகவே ஓய்வு பெற்றிருப்பேன். ஐந்தாம் நாள் பகலில் அருணகிரியே கூப்பிட்டார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நன்றியெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நடக்க முடிகிறது, உட்கார முடிகிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் நெஞ்சு பூட்டுப் போட்டது மாதிரி மறுக்கிறதாம். நர்ஸிடம் கேட்டால், உங்களுக்கு நிற்கிறவர் தையல்தான் போட்டிருக்கிறது என்றாளாம்.

படிவத்தின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. காயம் பட்டபோது நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார். புள்ளிவிவரத்துக்காக வைத்த கட்டம் அது. டெய்லர் கம்பெனி அதையும் வீணாக்கவில்லை. மரம் ஏறும்போது விழுந்தவருக்கு மரம் ஏறத் தோதாகத் தைக்கும். எழுதும்போது குத்துப்பட்டவருக்கு எழுதத் தோதாக. ஏழாம் நாள் அவை வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு தைத்தது தைத்ததுதான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"தம்பி, நான் நிக்கலை" என்றார். "ஆடிக்கிட்டிருந்தேன்."

"என்னங்க?"

"டான்ஸ். வால்வு வெச்சதுலேர்ந்து ஒம்பது வருசமா மாடிப்படியைப் பாத்தாலே கும்புடு போட்டுட்டு லிஃப்ட்ல போறவன் நான். அன்னிக்கு ஆடிட்டேன். அதை எழுதுங்க."

"நீங்க சொல்லி நான் எழுத முடியாதுங்க. டாக்டர் எழுதணும். எழுதாதது எங்க தொழில்ல நடக்காததுதான்."

"நடக்காமயா தம்பி நெஞ்சுல ஓட்டை விழுந்துச்சு?"

வழுக்கி விழுந்தார், நின்றுகொண்டிருந்தார் என்று டாக்டரிடம் சொன்னது யார் என்று கேட்டேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். மனைவிதானாம். இப்போதும் கதவுப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாராம். அஞ்சு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். ஆடியது அவர், ஒளித்தது அந்த அம்மா. எதற்காக என்று அவர் சொல்லவில்லை. கேள்விக்குள் விடை வைக்கக் கூடாது என்பதால் நானும் கேட்கவில்லை.

படிவம் அனுப்பினேன். விழுந்தபோது நோயாளி செய்துகொண்டிருந்தது: நிற்றல், நடத்தல், பொருள் தூக்குதல், வேறு. ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்கவில்லை. அந்த வீட்டு மாடிப்படிகளும், இனி வரப்போகும் கல்யாணங்களும், ஒரு மனிதர் தன் கையைத் தலைக்கு மேலே தூக்குவதும் தூக்காததும் அந்த நாலு கட்டத்துக்குள் இருந்தன. சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். மேடம் தன் டப்பாவிலிருந்து பாதி பிரியாணியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு விடை வந்தது. தேவசகாயம் "வேறு" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். அதன் கீழே, தன் வழக்கப்படி, ஒரு சொல் குறையாமல் எழுதியிருந்தார்.

"நடனம். தகவல்: மனைவி பங்கஜவல்லி, 58. உடன் ஆடியவரும் அவரே. நோயாளியின் இடது தோளில் கை வைத்து ஆடினார். வேண்டாம் என்றவரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்ததும் தானே என்பதால் இதுவரை சொல்லவில்லை என்கிறார். சொல்லி முடித்ததும் இட்லி கேட்டார். கொடுக்கப்பட்டது."

நடனத்துக்கு ஒரு குறியீடு இருக்கிறது. போட்டேன். உடன் ஆடியவருக்குக் கிடையாது. காயம் படாதவர்களை எங்கள் புத்தகம் கண்டுகொள்வதில்லை. கீழே குறிப்புக்கு என்று கொஞ்சம் இடம் இருந்தது. டாக்டர் எழுதியதுதானே, நானாகச் சேர்ப்பது இல்லையே என்று பெயரையும், இடது தோளில் கை வைத்ததையும் அதில் தட்டி, நடுவர் ஏதாவது சொல்லுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அது பேசாமல் இருந்தது. அனுப்பினேன்.

ஏழாம் நாள் டெய்லர்கள் வெளியே வந்துவிட்டன. அவற்றின் இறுதி அறிக்கை என் திரைக்கு வந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே போகும் என்று இருந்தது. மூச்சு வாங்கினால் தாங்கும் என்று இருந்தது. கடைசி வரியில், யாரும் கேட்காத ஒரு வேலையைப் பற்றி எழுதியிருந்தது.

"இடது தோளை ஒட்டிய மேல்மார்பில், வெளிப்பாரம் தாங்கும்படி கூடுதல் தையல்: பன்னிரண்டு. காரணம்: பங்கஜவல்லி."